ஒரு கோடு, இரு கணக்கு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் வரலாறும் மக்கள்தொகையும்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பு பத்மநாபபுரத்திலிருந்து மூன்று சாமிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். சரஸ்வதி யானைமேல் வருவாள். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருவார்கள். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில். இரண்டு இரவுகளுக்கும் நடுவில் களியக்காவிளை. தமிழ்நாட்டுக் காவலர்கள் அங்கே மரியாதை செலுத்தி வழியனுப்ப, கேரளக் காவலர்கள் மரியாதை செலுத்தி எதிர்கொள்கிறார்கள். மேளம் மட்டும் இடையில் நிற்பதில்லை.

ஊர்வலம் தொடங்கிய காலத்தில் அந்த இடத்தில் எல்லை இல்லை. திருவிதாங்கூர் என்ற ஒரே அரசின் பழைய தலைநகரிலிருந்து புதிய தலைநகருக்குப் போகும் பாதையில் அது ஒரு நடுவழி, அவ்வளவே. 1956 நவம்பர் 1 அன்று அது இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. கோட்டுக்குத் தெற்கே விளவங்கோடு, வடக்கே நெய்யாற்றின்கரை வட்டம். அந்த வட்டத்தின் தெற்கு முனையில் பாறசாலை.

பாறசாலை, செங்கல், காரோடு, கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை போன்ற எல்லைப் பஞ்சாயத்துகளின் மக்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எந்த மொழிக்காரர்கள் என்ற கேள்விக்குப் பலர் பல காலங்களில் விடை சொல்லியிருக்கிறார்கள். அரசர்கள் வரிக்காக எண்ணினார்கள், பாதிரிமார் சபைக்காக எண்ணினார்கள், கட்சிகள் எல்லைக்காக எண்ணின. இவ்வூர்களின் மக்கள்தொகை வரலாறு என்பது பெரிதும் எண்ணப்பட்ட முறையின் வரலாறு என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

ஆறும் விளையும்

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் பிறந்து, சுமார் 56 கி.மீ. ஓடி, பூவாரில் கடலில் கலப்பது நெய்யாறு. நெய்யாற்றின்கரை என்ற பெயர் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. அதை எந்த மொழிப் பெயர் என்று கேட்டால்தான் திணறல். தமிழர் தமிழ் என்பார், மலையாளி மலையாளம் என்பார், இருவர் சொல்வதும் சரிதான்.

சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களும் அப்படியே. அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்று 'விளை' வரிசையாக வருகிறது. மேட்டுப்பாங்கான தோட்ட நிலத்துக்கு இந்தப் பக்கத்தில் விளை என்று பெயர். பனையும் தென்னையும் மரச்சீனியும் நிற்கும், நடுவே வீடு இருக்கும். பள்ளத்தில் நெல் விளையும் வயல்வெளி ஏலா. பனச்சமூடு என்பது பனையின் அடி. முதல் இரண்டு விளைகளும் கேரளத்தில், மூன்றாவது தமிழ்நாட்டில். பனச்சமூட்டுக் கடைத்தெருவிலோ எல்லை தெருவுக்குள்ளேயே புகுந்து போகிறது.

நிலத்தின் இந்த அமைப்புதான் குடியிருப்பின் அமைப்பையும் தீர்மானித்தது. தஞ்சைப் பக்கம்போல நடுவில் ஊர், சுற்றிலும் வயல் என்ற ஒழுங்கு இங்கே கிடையாது. ஒவ்வொரு விளைக்கும் ஒரு வீடு. ஒரு வீட்டின் வேலி முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் வேலி. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்தே அறியவேண்டும். இதனால் 'சிற்றூர்' என்ற சொல்லையும் இங்கே கவனமாகத்தான் கையாளவேண்டும். பிரான்சில் சுமார் 35,000 ஊராட்சிகள் உண்டு. பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. கேரளம் முழுமைக்கும் கிராமப் பஞ்சாயத்துகள் 941தான். இங்கே ஒரு வார்டு அங்கே ஓர் ஊராட்சிக்குமேல் இருக்கும். 2011 கணக்கின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கி.மீ.க்கு 1,508 பேர், அண்டைக் கன்னியாகுமரியில் 1,111 பேர். கிராமம் என்று பெயர் இருந்தாலும் நெருக்கம் நகரத்துடையது.

சாலையும் அரசர்களும்

இந்தப் பகுதியின் எழுத்துச் சான்றுகள் ஆய் மன்னர்களிடமிருந்து தெளிவாகத் தொடங்குகின்றன. அவர்களுடைய துறைமுகமும் கோட்டையுமான விழிஞம் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது. அங்குள்ள சிறு குடைவரை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாண்டியரும் பின்னர் சோழரும் மாறிமாறித் தாக்கிய இடம் அது.

எல்லைக்குத் தெற்கே முஞ்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்தில் கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு விண்ணகரம் (திருமால் கோயில்) எடுத்து, 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் அமைத்தான். அதற்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வேறு நிலம் கொடுத்து மாற்றிக்கொண்டதைச் செப்பேடு சொல்கிறது. அந்தச் சாலைக்கு முன்மாதிரி காந்தளூர்ச் சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட பெயர் அது. திருவனந்தபுரத்து வலியசாலையே அந்த இடம் என்று கருதுவோர் உண்டு. மாணவர் உண்டு உறைந்து கற்ற இடத்துக்கும் சாலை என்று பெயர், வழிக்கும் சாலை என்று பெயர். இரண்டு பொருளிலும் இது சாலைகளின் நாடு.

18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) சிற்றரசுகளை ஒன்றாக்கித் திருவிதாங்கூரைக் கட்டியபோது தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்தது. ஆட்சிக்கு வருமுன் எதிரிகளுக்கு அஞ்சி ஓடியவர், நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது வழக்கு. அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரத்தின் எச்சமும், அவர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கிருஷ்ணசாமி கோயிலும் நகரின் நடுவே இருக்கின்றன. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனைக் காரியங்களும் நாஞ்சில் நாட்டு நெல்லும் படைகளும் பாறசாலை வழியாகத்தான் வடக்கே போகவேண்டும் என்றாயிற்று.

அந்த வழியில் வந்து குடியேறியவர்களில் தனித்துத் தெரிபவர்கள் பாலராமபுரத்துச் சாலியர்கள். பாலராம வர்மா (ஆட்சி 1798–1810) காலத்தில் அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவுக் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. அவர்களுக்காக அமைந்த ஊருக்கு மன்னரின் பெயரே வைக்கப்பட்டது. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புத்தன்தெரு என்று தெருவமைப்பிலேயே தமிழ் நெசவூரின் முகம் தெரிகிறது. விளையும் வேலியுமாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில், வீடுகள் தோளோடு தோள் நிற்கும் தெரு என்பதே ஒரு புதுமை. இன்று கேரளப் பண்பாட்டின் அடையாளமாகக் கருதப்படும் கசவு முண்டின் பெயர்பெற்ற ஊர்களில் பாலராமபுரம் ஒன்று. அதன் கைத்தறிக்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை நெய்யத் தொடங்கியவர்கள் தமிழ் பேசி வந்தவர்கள்.

எண்ணத் தொடங்கிய அரசு

திருவிதாங்கூரின் மக்களை எண்ணும் முயற்சி வார்டு, கானர் என்ற இரு ஆங்கில அதிகாரிகளின் நில அளவையோடு 1816–1820இல் தொடங்குகிறது. அவர்கள் கண்ட தொகை 9,06,587. ஒழுங்கான முதல் கணக்கெடுப்பு 1875இல் நடந்தது: 23,11,379. பிறகு 1881இல் 24,01,158, 1901இல் 29,52,157, 1931இல் 50,95,973, 1941இல் 60,70,018. வார்டு, கானர் காலத்திலிருந்து பார்த்தால் ஒன்றேகால் நூற்றாண்டில் ஆறரை மடங்குக்கும் மேல். 20ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளிலேயே இருமடங்கைத் தாண்டிவிட்டது.

1881 கணக்கில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 4,39,565 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டு. இவர்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்தது தெற்கே. அரசு நிர்வாகத்துக்காக நாட்டைக் கோட்டங்களாகப் பிரித்திருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு ஆகியவை பத்மநாபபுரம் கோட்டம். நெய்யாற்றின்கரை திருவனந்தபுரம் கோட்டத்தில் இருந்தது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஓடிய அந்தக் கோடு வரி வசூலுக்கும் கச்சேரி நிர்வாகத்துக்கும் போடப்பட்டது. எங்கே தமிழ் முடிகிறது, எங்கே மலையாளம் தொடங்குகிறது என்று பார்த்து யாரும் அதைப் போடவில்லை. மொழி அங்கே அப்படி ஓரிடத்தில் முடிவதுமில்லை. எல்லைப்பகுதிக்காரர் பேசுவது திருநெல்வேலிக்காரர் காதுக்கு மலையாளம். கொல்லத்துக்காரர் காதுக்குத் தமிழ். பேசுகிறவருக்கு அது வெறும் பேச்சு.

ஆனால் கணக்கெடுப்பின் கட்டத்தில் ஒரு தலைக்கு ஒரு தாய்மொழிதான் எழுதலாம். எழுதப்பட்ட சொல்லைக் கோட்டம் வாரியாகக் கூட்டினார்கள். நிர்வாகக் கோடு மொழிக் கோடாகத் தோற்றம் கொள்ள அங்கேயே வழி பிறந்தது.

சபையும் பிரதிட்டையும்

19ஆம் நூற்றாண்டில் இங்கே மக்களின் வாழ்வை அசைத்த பெரிய சக்திகள் இரண்டு. ஒன்று லண்டன் மிஷனரி சங்கம். ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பணி நாகர்கோவில், நெய்யூர் வழியாக வடக்கே பரவி, பாறசாலை ஒரு மிஷன் மாவட்டமாயிற்று. ஜான் ஆப்ஸ் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். நாடார் மக்களிடமும் ஒடுக்கப்பட்ட பிற சாதிகளிடமும் பள்ளி, படிப்பு, மேலாடை உரிமை என்று இந்தப் பணி தொட்ட இடங்கள் பல. பல ஆண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அனுமதித்து அறிவிப்பு வெளியிட்டார்.

மிஷன் பணியில் தெற்கே தமிழ், வடக்கே மலையாளம் என்பது வழக்கம். பாறசாலை இரண்டுக்கும் நடுவே நின்றது. எந்த மொழியில் வேதம் வாசிக்கப்பட்டது, எந்த மொழியில் பிள்ளைகள் அகரம் கற்றார்கள் என்பது பின்னாளில் அவர்கள் தங்களை என்ன என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதோடு தொடர்புடையது. ஒரே சாதி, ஒரே சபை, கொண்டான் கொடுத்தான் உறவு எல்லாம் இருந்தும், தலைமுறை இரண்டு மூன்று கழிந்தால் எழுத்துமொழி மனிதரை வேறாக்கிவிடும்.

மற்றது ஸ்ரீ நாராயண குருவின் இயக்கம். 1888இல் நெய்யாற்றங்கரை அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிட்டை செய்தார் குரு. அதற்குமுன் அவர் தவமிருந்த இடங்களில் ஒன்று கன்னியாகுமரி அருகேயுள்ள மருத்துவாமலை. தமிழ் அறிந்தவர், தமிழிலும் பாடியவர். அவர் நடந்த பாதையில் எந்த எல்லையும் குறுக்கிடவில்லை. இன்று மருத்துவாமலை ஒரு மாநிலத்தில், அருவிப்புறம் இன்னொன்றில்.

எல்லை எங்கே இருந்தது?

நெய்யாற்றின்கரைக்காரரான 'சுதேசாபிமானி' இதழாசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திவானையும் அரண்மனையையும் விமர்சித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று கைதாகி நாடுகடத்தப்பட்டார். கொண்டுபோய் விடப்பட்ட இடம் திருநெல்வேலி. அன்று 'வெளிநாடு' ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால்தான் தொடங்கியது. களியக்காவிளையில் அவர் வண்டியை யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

1938 ஆகஸ்டு 31 அன்று பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே வட்டாரத்தவரான காந்தியர் ஜி. ராமச்சந்திரன், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரத்தை மணந்தார். 1947இல் இருவருமாகத் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். முதுமையில் அவர் நெய்யாற்றின்கரைக்கே திரும்பிவந்து 1995இல் காலமானார். ஓர் எல்லையூர்க்காரரின் வாழ்க்கை எத்தனை இயல்பாக இரு பக்கமும் விரிய முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

கோடு விழுந்த விதம்

1940களின் நடுவில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உருவானது. விளவங்கோட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் நேசமணி அதன் முதன்மைத் தலைவரானார். தமிழ் பேசும் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேரவேண்டும் என்பது கோரிக்கை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் பட்டியலில் இருந்தது.

1954 தேர்தலில் இக்கட்சி திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 12 இடங்களைப் பிடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டார்கள். பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு அரசு அப்போது பதவியில் இருந்தது. தன் கட்சியின் அரசே பதவி விலகவேண்டும் என்று ராம் மனோகர் லோகியா கேட்டது நாடெங்கும் பேசப்பட்டது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் இறுதியில் அறிக்கை தந்தது. தெற்கு வட்டங்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னைக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு என்றது. நெய்யாற்றின்கரைக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தேவிகுளத்தில் தமிழர் 72 விழுக்காடு, பீர்மேட்டில் 44 விழுக்காடு என்று ஆணையத்தின்முன் கணக்கு இருந்தது. 72 இருந்தும் தேவிகுளம் மாறவில்லை. தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள் என்ற வாதமும், மலைநாட்டின் பொருளாதார முக்கியத்துவமும் எண்ணிக்கையை வென்றன. நெய்யாற்றின்கரையிலோ எண்ணிக்கையே தடையாயிற்று. வட்டம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்தால் மலையாளமே பெரும்பான்மை. அதன் தெற்கு ஓரத்து ஊர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற வாதம் வட்டத்தை உடைக்காமல் நிற்காது. வட்டத்தை உடைக்க ஆணையம் முன்வரவில்லை. ஆக, ஓரிடத்தில் எண் இருந்தும் உதவவில்லை. இன்னோரிடத்தில் எந்த அலகில் எண்ணுவது என்பதே விடையைத் தீர்மானித்தது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பழைய பத்மநாபபுரம் கோட்டத்தின் வடக்கு விளிம்பு மாநில எல்லை ஆயிற்று. கச்சேரிக்காரர்கள் வரிக்காகப் போட்ட கோட்டுக்கு மொழியின் பெயர் வந்தது.

கோட்டுக்குப் பின்

முதலில் பிரிந்தவற்றில் திருச்சபையும் ஒன்று. தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாயிற்று. கத்தோலிக்கச் சபைகளிலும் காலப்போக்கில் புதிய மறைமாவட்டங்கள் வந்தன: இலத்தீன் வழிபாட்டினருக்கு 1996இல் நெய்யாற்றின்கரை, சீரோ மலங்கரை வழிபாட்டினருக்கு 2017இல் பாறசாலை. சிற்றூர் என்று நாம் நினைக்கும் இடங்கள் ஆயர் இருக்கைகளாகும் அளவுக்கு மக்கள் நெருக்கம் கூடியிருக்கிறது என்பதையும் இவை காட்டுகின்றன.

அடுத்தது தண்ணீர். நெய்யாற்று அணை பிரிவினைக்குமுன் ஒரே மாநிலத்தின் திட்டமாகத் தொடங்கி, 1958இல் கேரளத்தின் அணையாக முடிந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டின் 9,200 ஏக்கருக்கும் பாய்வதற்கானது. 2004க்குப் பின் அந்தத் தண்ணீர் வருவதில்லை என்று தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் நிலை. ஆற்றைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். கால்வாய் வெட்டியபோது அந்த வயல்களும் அதே நாட்டில் இருந்தன என்பதும் உண்மை.

மூன்றாவது சோதனைச்சாவடி. அமரவிளை என்றாலே லாரிக்காரர்களுக்குக் கேரள வணிகவரிச் சாவடி நினைவுக்கு வரும். அரிசிக்கும் கோழிக்கும் காய்கறிக்கும் இரு மாநிலத்திலும் வேறு வேறு வரி, வேறு வேறு விலை. அந்த வேறுபாட்டில் பிழைத்தவர்களும் உண்டு, வழக்கில் சிக்கியவர்களும் உண்டு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரிச்சாவடியின் வேலை முடிந்தது. ஆனால் 2020 பெருந்தொற்றில் இஞ்சிவிளை மறுபடி எல்லையாயிற்று. கூப்பிடு தூரத்தில் இருக்கும் மறுபக்கத்துக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது.

இணைத்தவையும் உண்டு. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை என்று பழைய ஊர்வலப் பாதைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. விளவங்கோட்டுக்காரருக்கு மருத்துவமனை என்றால் இன்றும் சென்னையைவிட முதலில் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம்.

யார் தமிழர்?

2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் மக்கள்தொகை 3,34,06,061. தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 5,02,516 பேர், ஒன்றரை விழுக்காடு. இவர்களை நாம் பெரும்பாலும் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களோடுதான் சேர்த்து நினைக்கிறோம். நெய்யாற்றின்கரை நினைவுக்கு வருவதில்லை. அங்கே தமிழ் இல்லை என்பது காரணமா, தமிழ் கணக்கில் ஏறவில்லை என்பது காரணமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதே நேர்மையான விடை. கல்வி, அரசு வேலை, நீதிமன்றம், ரேஷன் அட்டை எல்லாம் மலையாளத்தில் நடக்கும் நாட்டில், பிள்ளை மலையாளப் பள்ளிக்குத்தான் போகும். மூன்றாம் தலைமுறையில் தாய்மொழி என்ன என்று கேட்டால் மலையாளம் என்ற பதில் பொய்யாகாது. இதைத் திணிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கோட்டுக்குத் தெற்கே இதன் மறுபக்கம் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். விளவங்கோட்டில் வீட்டில் மலையாளம் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

இன்னொரு காரணம் அரசியல் சார்ந்தது. கோட்டுக்கு வடக்கே தங்கிவிட்ட நாடார் மக்கள் மொழியை முன்வைத்து எதையும் பெறமுடியாத நிலையில் சமூகத்தை முன்வைத்தார்கள் என்று தோன்றுகிறது. கேரள அரசுப்பணி இட ஒதுக்கீட்டில் இந்து நாடார், எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) நாடார் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 1954இல் 'தமிழர்' என்று சொன்னால் கிடைக்கக்கூடியது ஒரு மாநிலம். 1956க்குப் பின் 'நாடார்' என்று சொன்னால் கிடைப்பது ஒரு வேலைவாய்ப்பு. மக்கள் எதைச் சொல்லத் தேர்ந்தார்கள் என்பதில் வியப்பில்லை. தெற்கே இருந்த அதே குடும்பத்தின் கிளை தமிழர் என்றே தொடர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்று 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு சொல்கிறது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ கேட்டால் ஆசிரியர் தரவேண்டும் என்பது 1949 முதல் இருக்கும் வழிகாட்டுதல். ஒரு வட்டத்திலோ நகராட்சியிலோ சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வரவேண்டும் என்பது 1956 ஏற்பாடு. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் தாராளமானது: தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியில் வரவேண்டும்.

சிக்கல் மறுபடியும் அலகில்தான். 2011இல் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 8.8 லட்சம் பேர். அதில் 15 விழுக்காடு என்றால் 1.3 லட்சம் பேர் வேண்டும். ஒரு பேச்சுக்கு, 40,000 பேர் வாழும் எல்லைப் பஞ்சாயத்து ஒன்றில் பாதிப்பேர் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20,000 பேர் பஞ்சாயத்தில் 50 விழுக்காடு, வட்டத்தில் இரண்டேகால் விழுக்காடு. பஞ்சாயத்துக்கு அவர்கள் சரிபாதி, வட்டத்துக்கு அவர்கள் இல்லாதவர்கள். மக்கள்தொகைக் கணக்கின் கிராம அளவிலான முதன்மைத் தொகுப்பில் ஆண், பெண், எழுத்தறிவு, பட்டியல் சாதி, தொழில் எல்லாம் இருக்கும், மொழி இருக்காது. ஆகவே ஓர் எல்லையூர் என்ன மொழி பேசுகிறது என்பது அந்த ஊருக்குத் தெரியும், அச்சேறிய கணக்குக்குத் தெரியாது.

பெல்ஜியத்தின் ஆறு ஊர்கள்

இந்தச் சிக்கலை வேறு வழியில் சந்தித்த நாடு பெல்ஜியம். அங்கே பிரெஞ்சும் டச்சும் சந்திக்கும் எல்லையில் 1932 சட்டப்படி ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அவர்கள் மொழியிலும் சேவை கிடைக்கும். பாதியைத் தாண்டினால் ஊரின் ஆட்சிமொழியே மாறும். கணக்கின் அலகு ஊராட்சி. பாறசாலைக்காரருக்குக் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

விளைவு வேறுவிதமாக இருந்தது. கணக்கெடுப்பு மொழி வாக்கெடுப்பாக மாறியது. 'உங்கள் மொழி எது' என்ற கேள்விக்கு மக்கள் பேசும் மொழியைச் சொல்லாமல், ஊர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று விரும்பினார்களோ அந்த மொழியைச் சொன்னார்கள். ஃபூரோன் என்ற ஆறு சிற்றூர்களின் தொகுப்பில் 1930 கணக்கின் டச்சுப் பெரும்பான்மை 1947 கணக்கில் பிரெஞ்சுப் பெரும்பான்மையாக மாறியிருந்தது. பதினேழு ஆண்டில் ஊரே மொழி மாறியதா என்ன? 1961இல் கணக்கெடுப்பிலிருந்து மொழிக் கேள்வியையே நீக்கிவிட்டார்கள். 1962 சட்டம் எல்லையை நிரந்தரமாக்கி, ஃபூரோனைப் பிரெஞ்சு பேசும் லியேஜ் மாகாணத்திலிருந்து டச்சு பேசும் லிம்பர்க்குக்கு மாற்றியது. பிரெஞ்சு பேசுவோருக்குச் சில மொழிச் சலுகைகள் மட்டும் தரப்பட்டன. பூசல் ஓயவில்லை. 1980களில் அந்த ஊராட்சியின் மேயர் ஹோசே அப்பார் டச்சு பேச மறுத்த விவகாரம் முற்றி, 1987இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது. சுமார் 4,000 பேர் வாழும் ஊர் அது.

சிறிய அலகில் எண்ணினால் நியாயம் கிடைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை ஃபூரோன் காட்டுகிறது. எண்ணைக் கொண்டு எல்லையை மாற்றலாம் என்ற ஆசை இருக்கும்வரை எண் உண்மை பேசாது. நெய்யாற்றின்கரையில் அந்த ஆசை 1956ஓடு முடிந்துவிட்டது. எல்லையை நகர்த்தவேண்டும் என்று இன்று அங்கே யாரும் கிளர்ச்சி செய்யவில்லை. எண்ணிப் பார்க்க இதைவிட அமைதியான நேரம் கிடைக்காது.

எண்ணவேண்டியது என்ன?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிநாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தியக் கணக்கெடுப்பில் தாய்மொழிக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி பல பத்தாண்டுகளாக இருக்கிறது: தெரிந்த பிற மொழிகள், இரண்டு வரை. பெல்ஜியத்தைப் பிளந்தது 'உங்கள் மொழி எது' என்று ஒன்றை மட்டும் கேட்ட கேள்வி; எல்லையூர்களின் இயல்பைப் பிடிக்கக்கூடியது இந்த இரண்டாவது கேள்வி. பாறசாலையிலும் வெள்ளறடையிலும் மலையாளத்தைத் தாய்மொழியாகவும் தமிழைப் பிறமொழியாகவும் சொல்பவர் எத்தனை பேர், களியக்காவிளையிலும் மெதுகும்மலிலும் தமிழைத் தாய்மொழியாகவும் மலையாளத்தைப் பிறமொழியாகவும் சொல்பவர் எத்தனை பேர் என்று இரு பக்கப் பஞ்சாயத்து அட்டவணைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கோட்டின் இருபுறமும் ஒரே வகை மக்கள் வாழ்வது தெரியவரும். இந்த விவரத்தைப் பஞ்சாயத்து வாரியாக வெளியிடுவது புதிய கேள்வி கேட்பதல்ல. கேட்டதற்குக் கிடைத்த பதிலை வெளியே சொல்வதுதான்.

அதனால் நடைமுறையில் என்ன வரும்? எந்தப் பள்ளியில் ஒரு தமிழ் ஆசிரியர் போதும், எந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தில் இரு மொழியிலும் பலகை வேண்டும், விளவங்கோட்டில் எங்கே மலையாளம் படிக்க வசதி வேண்டும் என்பதை ஊகத்தில் முடிவு செய்யவேண்டியிருக்காது. 1969 சட்டத்தின் 'மொழிச் சிறுபான்மைப் பகுதி' என்ற சொல்லை வட்டம் என்று படிக்காமல் பஞ்சாயத்து என்று படிக்கவும் ஆதாரம் கிடைக்கும்.

2027இல் ஒரு கணக்கெடுப்பாளர் இஞ்சிவிளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். தாய்மொழி எது என்று கேட்பார். வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்வார். 'வேறு தெரிந்த மொழி?' என்று அடுத்த கேள்வியையும் அவர் அதே பொறுமையோடு கேட்டு, பதிலையும் பதிந்தால் போதும். அந்த வீட்டுக்காரரின் பாட்டனார் காலத்தில் கட்டத்தில் அடங்காமல் வெளியே நின்ற பாதி அப்போது உள்ளே வரும்.